அரங்கேற்றமும் குரவையும்: பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆடல் எதற்கு?

(அறக்கட்டளையின் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'கல்வியும் கலையும்' என்னும் பொருளில் பேசுமாறு விழாக்குழுவினர் பணித்தனர். அப்பொருள் கடல் போன்றது. அதில் ஒரு துளியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடங்களில் பாடவேளையிலேயே பிள்ளைகளுக்கு ஆடற் பயிலரங்கு நடத்துவதால் அவர்களுடைய கற்றலும் மனந்திறந்து பேசும் ஆற்றலும் எவ்வாறு வளர்கின்றன என்பதே இன்று நான் சொல்ல விரும்புவது. நாற்பதாண்டுக் காலத்தை வகுப்பறையில் கழித்தவன் நான். தமிழாசிரியனுக்கும் ஆடலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். அந்த ஐயத்தைச் சிலப்பதிகாரமே தீர்த்துவைக்கும்.

இளங்கோவடிகள் காட்டும் இருவகை ஆடல்

சமண முனிவர் எனப் போற்றப்பெறும் இளங்கோவடிகள் தம் காப்பியத்தில் ஆடலை இருவேறு இடங்களில் விரிவாகக் காட்டுகிறார். ஒன்று அரங்கேற்று காதை. மாதவி ஐந்தாம் அகவையில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் அகவையில் மன்னன் அவையில் ஆடுகிறாள். அவள் ஆடும் அரங்கு 8 கோல் நீளமும் 7 கோல் அகலமும் 1 கோல் உயரமும் உடையது. பரிசாக 1008 கழஞ்சு பொன் பெறுகிறாள். அவளை உருவாக்கியவர்கள் யார் யார் என்று அடிகள் வரிசைப்படுத்துகிறார்: ஆடலாசிரியன், இசையாசிரியன், இயற்றமிழ்ப் புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன். இந்த அறுவரில் தமிழ்ப் புலவனும் ஒருவன் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். ஆடல் கற்பிக்கும் இடத்தில் தமிழாசிரியனுக்கு இருக்கை போட்டு வைத்தவர் இளங்கோவடிகளே.

மற்றொன்று ஆய்ச்சியர் குரவை. மதுரைப் புறஞ்சேரியில் பால் உறையவில்லை; வெண்ணெய் உருகவில்லை; ஏற்றின் கண்களில் நீர் வடிகிறது; ஆநிரையின் கழுத்துமணி அறுந்து வீழ்கிறது. ஏதோ தீங்கு வரப்போகிறது என்று ஆயர் மகளிர் அஞ்சுகின்றனர். அப்போது மாதரி, குரவை ஆடுவோம் என்கிறாள். ஏழு கன்னியர் வட்டமாக நிற்கின்றனர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களின் பெயரை ஒவ்வொருத்திக்கும் ஒன்றாக இட்டு, கைகோத்து ஆடுகின்றனர். அங்கே அளந்து கட்டிய அரங்கு இல்லை, தலைக்கோல் இல்லை, பரிசுப் பொன் இல்லை. பார்வையாளர் என்று தனியே ஒரு கூட்டமும் இல்லை. அச்சம் கொண்ட நெஞ்சங்கள், அந்த அச்சத்தைத் தாங்குவதற்காக உடலால் ஒன்று சேர்கின்றன.

நம் வீடுகளில் ஆடல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது முதல் வகை. பட்டுடுப்பு, நகைகள், பக்கவாத்தியக் குழு, மண்டப வாடகை, அழைப்பிதழ், இறுதியில் அரங்கேற்றம். அதனால்தான் "நமக்கு அது கட்டுபடியாகாது" என்ற பேச்சும் உடன் வருகிறது. பள்ளியில் நடத்தும் பயிலரங்கு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அது குரவை. அதில் வகுப்பிலுள்ள நாற்பது பிள்ளைகளுக்கும் இடமுண்டு. நன்றாக ஆடுபவர், ஆடத் தெரியாதவர் என்ற பிரிவுக்கு அங்கே வேலை இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் என் உரையின் பாதி முடிந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

பயிலரங்கில் என்ன நடக்கிறது?

மேசை, பெஞ்சுகளைச் சுவரோரம் நகர்த்தி, தரையைக் கூட்டி, பிள்ளைகள் வட்டமாக நிற்பார்கள். வட்டத்துக்கு முதல் வரிசையும் இல்லை, கடைசி வரிசையும் இல்லை. ஒளிந்துகொள்ளும் மூலையும் இல்லை. முதலில் மூச்சை நிதானப்படுத்துவர். பிறகு ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லி, கூடவே ஓர் அசைவைச் செய்ய வேண்டும். மற்றவர் எல்லாரும் அந்தப் பெயரையும் அசைவையும் அப்படியே திருப்பிச் செய்வர். மிக எளிய பயிற்சிதான். ஆனால் தன் பெயரை நாற்பது பேர் ஒரே குரலில் சொல்லக் கேட்கும் வாய்ப்புப் பல பிள்ளைகளுக்கு வாழ்வில் அதுவே முதன்முறை.

அடுத்து இருவர் இருவராக எதிரெதிர் நின்று, ஒருவர் அசைய, மற்றவர் கண்ணாடி நிழல்போல் அவ்வாறே அசைய வேண்டும். சிறிது நேரம் கழித்து முறை மாறும். இதில் கற்பது கூர்ந்து நோக்குதல். பிறகு தட்டுக்கழியின் தாளத்துக்கு நடை. தாளம் நின்றவுடன் சிலைபோல் நிற்றல். அதன் பின்னரே அன்றைய பாடம் வரும். பாடத்தின் கருத்தைச் சிறுசிறு குழுக்களாகப் பிரிந்து அசைவாக ஆக்குவர். ஒரு குழு ஆடிக் காட்ட, மற்றக் குழுக்கள் பார்த்துத் தாம் கண்டதைச் சொல்லும். இறுதியில் ஐந்து நிமிடம் அசையாது நின்று, பின் அமர்ந்து, கற்றதைக் குறிப்பேட்டில் எழுதுவர். தொண்ணூறு நிமிடத்தில் இவ்வளவும் நடக்கும்.

நடத்துபவர் பரதம் பயின்றவராக இருக்கலாம். கும்மி, கோலாட்டம், ஒயிலாட்டம் அறிந்தவராக இருக்கலாம். தெருக்கூத்துக் கலைஞராகவும் இருக்கலாம். நம் மக்கள் மிகுதியாக வாழும் வந்தவாசி, செய்யாறு வட்டாரம் தெருக்கூத்துக்கும் பெயர்பெற்ற மண். புரிசை என்னும் சிற்றூரின் கூத்துப் புகழ் நாடறிந்தது. நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலிருந்து பேருந்தில் அரைமணி, ஒருமணி தொலைவில் அடவும் பாட்டும் அறிந்த கலைஞர்கள் வாழ்கின்றனர். அவர்களைத் திருவிழா இரவில் மட்டும் நினைக்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு ஆசானாக அழைப்பதில்லை.

கால்கள் கற்கும் பாடம்

ஆடலால் பாடம் எவ்வாறு விளங்கும் என்று கேட்கலாம். சில சான்றுகள் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மீச்சிறு பொது மடங்கு ஒரு பெருந்தொல்லை. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் திசிர நடையும் மறுபாதிக்குச் சதுசிர நடையும் தருகிறோம். முதற்குழு மும்மூன்று அடியாகவும் இரண்டாம் குழு நந்நான்கு அடியாகவும் நடந்து, ஒவ்வொரு சுற்றின் முதல் அடியிலும் கைதட்ட வேண்டும். முதற்குழு 1, 4, 7, 10 என்று தட்டும். இரண்டாம் குழு 1, 5, 9 என்று தட்டும். இரண்டும் சேர்ந்து ஓங்கி ஒலிப்பது 13ஆம் அடியில். மீண்டும் 25ஆம் அடியில். அதாவது ஒவ்வொரு 12 அடிக்கும் ஒருமுறை. மூன்றுக்கும் நான்குக்கும் மீச்சிறு பொது மடங்கு 12 என்பதைப் பிள்ளைகள் காதால் கேட்டுவிட்டார்கள். அதன் பிறகு ஐந்தடிக் கண்டமும் ஏழடி மிச்சிரமும் எப்போது சந்திக்கும் என்று கேட்டால், ஆடிப் பார்க்காமலே 35 என்று சொல்லிவிடுவார்கள்.

அறிவியலுக்கு வாருங்கள். தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கட்டம் வரைந்து, முப்பது பிள்ளைகளைத் தோளோடு தோள் நெருங்கி நிற்கச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் நடுங்கலாம். இடம் பெயரக் கூடாது. இது திண்மம். தட்டுக்கழி வேகம் கூடினால் வெப்பம் ஏறுகிறது என்று பொருள். இப்போது ஒருவரையொருவர் உரசி நழுவி இடம் மாறலாம். இது நீர்மம். வேகம் இன்னும் ஏறினால் கட்டத்தை விட்டுத் தனித்தனியே ஓடலாம். இது வளிமம். துகள்களின் இயக்கத்தைக் கரும்பலகைப் படத்தில் கண்டவர் மறக்கலாம். தானே துகளாக இருந்தவர் எளிதில் மறப்பதில்லை.

என் பாடத்துக்கு வருகிறேன். யாப்பு என்றாலே அஞ்சி ஓடும் மாணவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். யாப்பருங்கலக் காரிகையை நமக்குத் தந்த அமிதசாகரர் சமணப் பெரியார். அவர் வகுத்த அசையும் சீரும் தளையும் அடியும் தாளின்மேல் எழுதிய குறிகள் மட்டும் அல்ல. அடி என்றால் பாதம். சீர் என்ற சொல் தாளத்துக்கும் வழங்குவது. நேரசைக்கு ஓர் அழுத்தமான மிதி. நிரையசைக்கு ஒரு மென்தட்டும் ஒரு மிதியும் என்று வைத்துக்கொண்டால், தேமாவுக்கு இரண்டு மிதி. புளிமாவுக்குத் தட்டு, மிதி, மிதி. கூவிளத்துக்கு மிதி, தட்டு, மிதி. கருவிளத்துக்குத் தட்டு, மிதி, தட்டு, மிதி. ஒரு குறளைச் சொல்லிக்கொண்டே மிதித்து நடந்தால் தளை தட்டும் இடத்தில் கால் தானே தடுமாறும். வாய்பாட்டை மனப்பாடம் செய்தும் விளங்காதது கால் தடுமாறியபோது விளங்கியது என்று மாணவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

உவமையும் உருவகமும் கற்பிக்கப் பதாகம் என்னும் ஒரே முத்திரை போதும். விரல்களைச் சேர்த்து நீட்டிய ஒரு கை மேகமாகும், ஆறாகும், கதவாகும், வாளாகும். ஒரே கை இத்தனைப் பொருளைச் சுட்டுவது எவ்வாறு என்று ஆராயத் தொடங்கும் பிள்ளை அணியிலக்கணத்தின் வாயிலில் வந்து நிற்கிறது.

சொல் வராத இடத்தில்

கற்றலைவிட ஒருபடி மேலாக நான் மதிப்பது மனந்திறக்கும் ஆற்றலை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என்று தனி இயலே வகுத்தார். சிரிப்பு, அழுகை, இழிவு, வியப்பு, அச்சம், பெருமிதம், சினம், மகிழ்ச்சி ஆகிய எட்டும் உள்ளத்தில் எழுந்து உடலில் வெளிப்படுவதால் அவற்றுக்கு மெய்ப்பாடு என்று பெயர். நம் பள்ளிகளில் இவற்றுள் எத்தனைக்கு இடம் தருகிறோம்? சிரித்தால் தண்டனை, அழுதால் கேலி, சினந்தால் பெற்றோரை அழைத்து வா என்ற ஆணை. எட்டையும் அடக்கிக்கொண்டு கைகட்டி அமர்ந்திருப்பவனை நல்ல மாணவன் என்கிறோம்.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். திக்குவாய். வாய்விட்டுப் படிக்க எழுந்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான். பின்வரிசையிலிருந்து சிரிப்பொலி எழும். நாளடைவில் அவன் எழுவதையே நிறுத்திவிட்டான். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியதால் அவனைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை.

கூத்துக் கலைஞர் ஒருவர் வாரம் ஒரு நாள் வந்து பயிலரங்கு நடத்தினார். மூன்றாம் வாரம் அடவுக்கு உரிய சொற்கட்டைப் பிள்ளைகளையே சொல்லச் சொன்னார். 'தகதிமி தகஜுணு' என்று ஒவ்வொருவராகச் சொல்லி வட்டம் சுற்றி வந்தது. இவன் முறை வந்தபோது வகுப்பு முழுவதும் சிரிக்க அணியமாக இருந்தது. அவன் காலால் மிதித்துக்கொண்டே தொடங்கினான். ஓரிடத்திலும் தடுக்கவில்லை. வேகம் கூட்டச் சொன்னார். அப்போதும் தடுக்கவில்லை. அன்றிலிருந்து அடவுக்குச் சொற்கட்டுச் சொல்லும் பொறுப்பை அவனிடமே கொடுத்துவிட்டார்.

தாளத்தோடு பேசும்போது திக்குதல் தணிவது மருத்துவத் துறையினரும் பேச்சுப் பயிற்சியாளரும் நன்கறிந்த செய்திதான். அது நோயைத் தீர்க்கும் மருந்து அன்று. தாளம் நின்றவுடன் தடுமாற்றம் திரும்பக்கூடும். அவனுக்கும் திரும்பியது. தக்க பேச்சுப் பயிற்சியாளரிடம் அவனை அனுப்பினோம். ஆயினும் வகுப்பில் ஒன்று மாறிவிட்டது. நாற்பது பேரும் தங்கள் கால்களை அவன் குரலுக்கு ஏற்ப அசைத்திருந்தார்கள். அதன் பின் அவன் படிக்க எழுந்து தடுமாறியபோது எவரும் சிரிக்கவில்லை; காத்திருந்தார்கள். ஆண்டிறுதிக்குள் ஒரு வெண்பாவை அசை பிரித்துக் காலால் மெல்லத் தட்டியவாறே முழுமையாகச் சொல்லி முடித்தான். அந்த மாணவனுக்குப் பயிலரங்கு கொடுத்தது இதுதான். அவனோடு படித்தவர்களுக்குக் கொடுத்தது அதைவிடப் பெரிது என்று எண்ணுகிறேன்.

கட்டுரை எழுதுவதிலும் மாற்றம் கண்டேன். மழை என்ற தலைப்பைக் கொடுத்தால் "மழை நமக்கு மிகவும் பயன்படுகிறது" என்று நாற்பது ஏடுகளிலும் ஒரே தொடர் இருக்கும். மழை வருமுன் உங்கள் ஊரில் எதை எதைக் காண்பீர்கள் என்று கேட்டு, அதை உடலால் செய்து காட்டச் சொல்லி, அதன் பிறகு எழுதவைத்தோம். "மழைக்கு முன்னால் எங்கள் ஆடுகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும், பாட்டி வறட்டியை எடுக்க ஓடுவாள்" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். எந்த உரைநூலிலும் இந்தத் தொடர் கிடையாது. அவள் முதலில் ஆடாக நின்று காட்டினாள். பிறகு அதற்குரிய சொல்லைக் கண்டெடுத்தாள்.

நம் மரபு தடை சொல்கிறதா?

புலனடக்கத்தைப் போற்றும் நம் நெறியில் ஆடலுக்கு இடமுண்டா என்று பெரியோர் சிலர் கேட்கின்றனர். நேர்மையான கேள்வி, மதிப்போடு விடை காண வேண்டிய கேள்வி.

ஆதிபகவனாகிய ரிஷபதேவர் தம் புதல்வியருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது நம் குழந்தைகளும் அறிந்த வரலாறு. புதல்வன் பரதனுக்குப் பொருள்நூலோடு நாட்டிய நூலையும் கற்பித்தார் என்று ஜினசேனரின் ஆதிபுராணம் கூறுகிறது. எண்ணும் எழுத்தும் கற்பித்த கையே ஆடலையும் கற்பித்தது.

நீலாஞ்சனையின் ஆடலை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். இந்திரன் அனுப்பிய அந்தத் தேவமங்கை ஆடிக்கொண்டிருக்கும்போதே ஆயுள் முடிந்து மறைந்தாள். சுவை கெடாதிருக்க இந்திரன் அவளைப் போன்ற மற்றொருத்தியை அந்தக் கணமே தோற்றுவித்தான். அவையோர் எவரும் வேறுபாட்டை உணரவில்லை. பகவான் ஒருவரே உணர்ந்தார்; நிலையாமை உணர்ந்து துறவு மேற்கொண்டார். ஆடலைப் புகழ்வதற்கென்று சொல்லப்பட்ட கதை அன்று இது, நிலையாமையை உணர்த்துவது. இதில் ஆசிரியனாகிய நான் காணும் பாடம் ஒன்று உண்டு. அவையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். ஒருவர் மட்டுமே கூர்ந்து நோக்கினார். பயிலரங்கில் நாம் பிள்ளைகளுக்குப் பழக்க விரும்புவதும் அந்தக் கூர்ந்த நோக்கைத்தான்.

சித்தன்னவாசல் அறிவர் கோயில் தூண்களில் ஆடல் மகளிர் ஓவியம் இன்றும் உள்ளது. திருப்பருத்திக்குன்றத்துத் திரிலோக்கியநாதர் கோயிலில் இருகப்பர் 14ஆம் நூற்றாண்டில் கட்டுவித்த மண்டபத்துக்குச் சங்கீத மண்டபம் என்றே பெயர். தீர்த்தங்கரர் வாழ்வைச் சொல்லும் ஓவியங்கள் அதன் விதானத்தில் தீட்டப்பட்டுள்ளன. நம் முன்னோர் கலையைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தவில்லை.

மனம், மொழி, மெய் ஆகிய மூன்றின் செயலையும் நெறிப்படுத்த வேண்டும் என்பது நம் அறம். பள்ளி மனத்துக்குப் பாடம் தருகிறது; மொழிக்கும் ஓரளவு தருகிறது. மெய்யை மட்டும் பெஞ்சில் உட்காரவைத்து மறந்துவிடுகிறது. பயிற்சி பெறாத மெய் எவ்வாறு அடங்கும்? பயிலரங்கின் இறுதியில் பிள்ளைகள் ஐந்து நிமிடம் அசையாது நிற்பார்கள் என்றேன் அல்லவா? அசைந்து களைத்தபின் நிற்கும் அந்த நிலையில் உள்ள அமைதியை, "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்ற கட்டளையால் பெற முடியாது. காயோத்சர்க்க நிலையில் நிற்கும் பாகுபலியை வணங்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த நிற்றலின் அருமை இவ்வாறு சிறிதேனும் புலப்படும்.

இங்கே அகிம்சையும் பயிற்சியாகிறது. பருத்த பிள்ளை, நொண்டி நடக்கும் பிள்ளை, நிறம் குறைந்த பிள்ளை ஆகியோரின் உடலைப் பார்த்துச் சிரிப்பது கையால் அடிப்பதைவிடக் குறைந்த வன்முறை அன்று. ஒரே பாட்டை ஐந்து குழுக்கள் ஐந்து வகையாக ஆடிக் காட்ட, ஐந்திலும் உண்மை இருப்பதைப் பிள்ளை காணும்போது அநேகாந்தம் என்ற பெருஞ்சொல்லின் பொருள் அதற்கு எட்டத் தொடங்குகிறது.

கலாக்ஷேத்திராவை 1936இல் நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களை இங்கே நினைவுகூர வேண்டும். பரதத்தைக் கல்வியோடு இணைத்த அவரே மாநிலங்களவை உறுப்பினராக இருந்து, விலங்குகளுக்கு இழைக்கும் கொடுமையைத் தடுக்கும் 1960ஆம் ஆண்டுச் சட்டம் உருவாகக் காரணமானவர். அச்சட்டத்தின்படி 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. உடலின் நுண்ணுணர்வைப் பழக்கிய கலை, பிற உயிரின் வலியை உணரும் நெஞ்சுக்குத் தடையாக இருக்கவில்லை.

பெற்றோர் எழுப்பும் ஐயங்கள்

முதல் ஐயம் மதிப்பெண். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை, "ஆட்டம் வேண்டா, அந்த நேரத்தில் கணக்குப் போடச் சொல்லவும்" என்று எழுதிக் கொடுத்தனுப்பினார். அந்தப் பெண் பக்கத்து அறையில் தனியே கணக்கேட்டோடு அமர்ந்திருந்தாள். இங்கே எழும் தாளம் அங்கே கேட்கும். நான் அவரை அழைத்து வாதாடவில்லை; ஒருநாள் வந்து பின்னால் அமர்ந்து பார்க்குமாறு மட்டும் வேண்டினேன். வந்தார். அன்று பின்னங்களை அடிக்கணக்கால் ஆடிக்கொண்டிருந்தார்கள். முடிவில் என்னிடம், "ஐயா, நீங்களும் கணக்குத்தானே நடத்துகிறீர்கள்? இதை முன்னமே சொல்லியிருக்கலாமே!" என்றார். அடுத்த வாரம் முதல் அவள் வட்டத்தில் நின்றாள்.

ஆடினால் மதிப்பெண் ஏறிவிடும் என்று நான் உறுதி கூறமாட்டேன். எழுதிப் பழகாமல் எழுத்து வராது. கணக்குப் போடாமல் கணக்கு வராது. ஆடல் கருத்தை விளக்கும், அச்சத்தைப் போக்கும், பயிற்சியின் இடத்தை அது பிடிக்காது. இதையும் சொன்னால்தான் நாம் நம்பத்தக்கவர்.

இரண்டாம் ஐயம் ஆண்பிள்ளைகளைப் பற்றியது. ஆடினால் பெண்தன்மை வந்துவிடும் என்பார். தெருக்கூத்தை விடியவிடிய ஆடிய நம் மண்ணின் கலைஞர்கள் காலங்காலமாக ஆடவர்களே என்பதை நினைவூட்டினால் போதும்.

மூன்றாவது, பெண்பிள்ளைகளைப் பற்றியது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுவிழாவில் ஆட அனுப்பிய பெற்றோரே, பெண் பூப்பெய்தியதும் நிறுத்திவிடுகின்றனர். தன் உடலைப் பற்றிக் குழப்பமும் கூச்சமும் மிகும் பருவம் அது. அந்தப் பருவத்தில்தான் "உன் உடல் மறைக்க வேண்டியது, ஒடுக்க வேண்டியது" என்ற பாடத்தையும் நாம் சேர்த்துப் புகட்டுகிறோம். உங்கள் கவலையில் நியாயம் உண்டு. அதற்கு வழி நிறுத்துவது அன்று, முறைப்படுத்துவது. பள்ளிச் சீருடையே போதும். தனி உடுப்பு வேண்டா. பெண் ஆசிரியை ஒருவர் தொடக்கம் முதல் இறுதிவரை உடனிருக்க வேண்டும். பிள்ளையின் ஒப்புதலின்றி எவரும் தொட்டுத் திருத்தக் கூடாது. கைப்பேசியில் படம் எடுக்கக் கூடாது. ஆட விரும்பாத பிள்ளை தாளம் தட்டலாம், பார்த்துச் சொல்லலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. நடக்க இயலாத பிள்ளைக்குக் கையும் முகமும் போதும். இவ்விதிகளை ஏற்காத பயிற்றுநரை அழைக்கவே வேண்டா.

அரசும் வழி திறந்திருக்கிறது

இது புதுமையான கூற்று அன்று. 1919இல் சில்ஹெட்டில் மணிப்புரி ஆடலைக் கண்ட தாகூர், சாந்திநிகேதனத்துக்கு ஆசானை வரவழைத்து மாணவர்க்குக் கற்பிக்கச் செய்தார். 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பத்தாம் வகுப்புவரை கலைக்கல்வி பள்ளிக் கல்வியின் பகுதியாக இருக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு முதல் கலைத் திருவிழா நடக்கிறது. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 அகவைக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆடலும் பாடலும் ஓவியமும் கற்பிக்கின்றன. போட்டியும் பரிசும் நல்லவையே. ஆனால் போட்டியில் மேடையேறுபவர் சிலர்; பார்த்துக் கைதட்டுபவர் பலர். அந்தப் பலருக்காகத்தான் பயிலரங்கு வேண்டும் என்கிறேன்.

மூன்று விண்ணப்பங்கள்

இந்த அவையின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன்.

முதலாவது: கோடை விடுமுறையில் நம் பிள்ளைகளுக்கு நடத்தும் அறநெறி முகாமில் நாள்தோறும் ஒருமணி நேரத்தை இத்தகைய பயிலரங்குக்கு ஒதுக்குங்கள். தீர்த்தங்கரர் வரலாற்றைக் கேட்டு எழுதும் பிள்ளைகள், அதைத் தாமே குழுவாக நின்று காட்டட்டும்.

இரண்டாவது: நம் ஊர்களிலுள்ள அரசுப் பள்ளி ஒன்றைத் தேர்ந்து, வாரம் ஒரு பாடவேளையாகப் பத்து வாரங்களுக்குப் பயிலரங்கு நடத்த அறக்கட்டளை பொறுப்பேற்கட்டும். ஒருநாள் நிகழ்ச்சியால் பயனில்லை. விழா முடிந்ததும் அது மறந்துபோகும். தொடர்ந்து பத்து வாரம் நடந்தால் வகுப்பின் பழக்கமே மாறும். அங்கே நம் பிள்ளைகளோடு ஊர்ப்பிள்ளைகள் அனைவரும் ஒரே வட்டத்தில் நிற்பார்கள். வரும் கூத்துக் கலைஞருக்குப் பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்பாமல், ஆசிரியருக்கு உரிய மதிப்பூதியம் கொடுங்கள். கல்வி உதவித்தொகை வழங்கும் நம் கைகளுக்கு இது எட்டாத செலவு அன்று.

மூன்றாவது வீட்டுக்குரியது. இன்றிரவு உங்கள் மகனிடமோ மகளிடமோ "இன்று பள்ளியில் என்ன எழுதினாய்?" என்று கேட்பதோடு, "இன்று நடந்ததில் ஒன்றைச் செய்து காட்டு" என்றும் கேளுங்கள். பிள்ளை கூசும், வற்புறுத்த வேண்டா. நீங்கள் முதலில் உங்கள் நாளைச் செய்து காட்டுங்கள். வயலில் களை எடுத்ததையோ, அலுவலகத்தில் கோப்போடு மாடிப்படி ஏறி இறங்கியதையோ காட்டுங்கள். பிள்ளை சிரிக்கும், பிறகு தன் நாளைக் காட்டும். அதில் நீங்கள் அதுவரை அறியாத ஒன்று இருக்கக்கூடும்.

ஆய்ச்சியர் குரவையால் வரவிருந்த தீங்கு நீங்கிவிடவில்லை. கோவலன் கொலையுண்டான் என்ற செய்தி வரத்தான் செய்தது. நாம் ஆடவைப்பதாலும் நம் பிள்ளைகளின் வாழ்வில் துன்பமே வராது என்று சொல்ல இயலாது. துன்பம் வரும்போது வட்டமாக நின்று கைகோக்கத் தெரிந்த பிள்ளைகளாக அவர்கள் வளரட்டும்.